சவுக்கு விறகும் சிவப்பு சிலிண்டரும்

போன மார்கழியில் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மச்சான், பாலவாக்கத்தில் எங்க வீட்டு மொட்டை மாடியில் நின்னு கடலைப் பார்த்தார். அப்புறம் மாடியை ஒரு சுத்து பார்த்தார். "இவ்ளோ இடத்தை வெச்சுக்கிட்டு வடகம் காயப் போடறீங்களே மாப்ளே, ஒரு கேஸ் பார்பெக்யூ வாங்கிப் போடக்கூடாதா?"ன்னார்.

அம்மாவுக்குப் புரியலை. "அது என்னாது?"

"வெளியில வெச்சு மீன், கோழியெல்லாம் சுடற அடுப்பு அத்தை."

அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க: "கேஸ் வாங்கறதுக்கு உங்க மாமா ஆறு வருஷம் காத்துக்கிட்டிருந்தாரு. வாசல்ல உக்காந்து ஊதுனது போதும்னுதான். இப்ப காசு குடுத்து திரும்பவும் வாசலுக்குப் போகணுமா?"

மச்சான் சிரிச்சுட்டார். எனக்குச் சிரிப்பு வரலை. கேள்வி நியாயமா இருந்தது. வழக்கம்போல, ஒரு பொருள் வாங்கறதுக்கு முன்னாடி அதோட பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன். (வீட்டில் இதுக்கு வேற பேர் வெச்சிருக்காங்க. அது இங்கே வேண்டாம்.)

முதல்ல ஒரு விஷயம். தீயில் வாட்டித் தின்பது ஏதோ வெள்ளைக்காரன் சமாச்சாரம்னு நினைச்சா, சங்கப் பாட்டு நம்ம தலையில் குட்டும். பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு விருந்தில் கம்பியில் கோத்துச் சுட்ட கறி வருது. அதைவிட எனக்குப் பிடிச்சது சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடினது. பரிசு வாங்கப் போற பாணனுக்கு வழி சொல்லும்போது எயிற்பட்டினம் வருது. அங்கே நுளைச்சி, அதாவது மீனவப் பெண், வடிச்ச கள்ளோடு சுட்ட குழல் மீனும் கிடைக்குமாம். விறகு எங்கிருந்து? அலை கொண்டுவந்து கரையில் போட்ட வாசனை மரம். அது கிடக்கிற கிடை, ஒட்டகம் படுத்துத் தூங்கற மாதிரி இருக்குன்னு புலவர் சொல்றார். கிழக்குக் கடற்கரையில் உக்காந்து ஒட்டகத்தை நினைச்ச மனுஷன்!

அந்த எயிற்பட்டினம் இன்னிக்கு மரக்காணம்னு ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்றாங்க. எங்க வீட்டு வாசல்ல ஓடற ஈசிஆர்லயே தெற்கே போனா, மகாபலிபுரம் தாண்டி, வந்துடும். ஆக, கடற்கரையில் மீன் சுடறதில் நம்ம ரோட்டுக்கு ஒரு ரெண்டாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான சர்வீஸ் இருக்கு.

மரக்காணத்துக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. பக்கிங்காம் கால்வாய் முடியற இடம் அதுதான். ஆந்திராவில் பெத்தகஞ்சாமில் ஆரம்பிச்சு மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். 1806ல் சென்னைக்கு வடக்கே எண்ணூர்ப் பக்கம் காக்ரேன் கால்வாய்னு தொடங்கினாங்க. கொஞ்சம் கொஞ்சமா நீண்டுது. 1877-78ல், தாது வருஷப் பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டைப் பஞ்ச நிவாரண வேலையா வெட்டினாங்க. கூலிக்கு மண் சுமந்தவங்க பசியில் இருந்த ஜனங்க. பேர் மட்டும் அப்போ கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபுவுக்கு.

இந்தக் கால்வாய் எங்க வீட்டுக்கு மேற்கே ஓடுது. கிழக்கே கடல். நடுவில் இருக்கிற மணல் பட்டைதான் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை எல்லாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இந்த மாதிரிக் கடலோர மணலில் பல இடத்தில் சவுக்கு போட்டாங்க. சவுக்கு நம்ம மரம் இல்லை. ஆஸ்திரேலியா, தென்கிழக்காசியாப் பக்கத்துச் சரக்கு. ஆனா மணலிலும் உப்புக் காத்திலும் மளமளன்னு வளரும், சில வருஷத்தில் வெட்டலாம், பச்சையாவே எரியும், சூடும் அதிகம். சென்னைப் பட்டணம் மொத்தமும் விறகில் சமைச்ச காலத்தில் வேறென்ன வேணும்? வெட்டின சவுக்குக் கட்டை, உப்பு, எல்லாம் படகில் ஏறி கால்வாய் வழியா ஊருக்குள்ளே போகும்.

இன்னிக்கு அதே கால்வாயைப் பார்த்தா படகு வந்த இடம்னு சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டீங்க. 1960களிலும் 70களிலும் அடிச்ச புயல்கள், லாரிப் போட்டி, எல்லாம் சேர்ந்து போக்குவரத்து நின்னுபோச்சு. பிற்பாடு ஊருக்குள்ளே அதுக்குள்ளயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டாங்க, 1997ல் மயிலாப்பூர் வரைக்கும் வந்தாச்சு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ரயில் ஏறணும்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன், பொறுத்துக்குங்க.

நான் பிறந்து வளர்ந்தது மயிலாப்பூரில் ஒரு ஒண்டுக்குடித்தனம். விறகுத்தொட்டியில் எடை போட்டு வாங்கின சவுக்குக் கட்டை தாழ்வாரத்தில் அடுக்கி இருக்கும். மழை நாள்னா மரத்தூள் அடுப்பு. தெரியாதவங்களுக்காக: தகர டப்பா மாதிரி இருக்கும், அடியில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுத்தி மரத்தூளைக் கெட்டியா இடிச்சு அடைச்சு, பாட்டிலை மெதுவா உருவணும். உருவும்போது சரிஞ்சுதுன்னா முதல்லேர்ந்து. அந்த வேலை என்னோடது. அப்பாவுக்கு வெந்நீர் வைக்க குமுட்டி. அவசரத்துக்கு மண்ணெண்ணெய்த் திரி அடுப்பு, அதுக்கு ரேஷன் கியூ. இத்தனைக்கும் நடுவில் அம்மா, ஊதுகுழலோடு. அம்மாவோட இருமலைக் கேட்டுத்தான் நாங்க முழிச்சுக்குவோம்.

கேஸ்னு ஒண்ணு நாட்டில் இல்லாமல் இல்லை. 1955லயே பம்பாயில் பர்மா ஷெல் கம்பெனி சமையல் கேஸ் விற்க ஆரம்பிச்சாச்சு. இந்தியன் ஆயிலின் இண்டேன், முதல் இணைப்பைக் கல்கத்தாவில் 1965 அக்டோபர் 22ல் கொடுத்தது. நம்ம மணலி சுத்திகரிப்பு ஆலை 1969ல் ஓட ஆரம்பிச்சது. அதில் இந்திய சர்க்காரோடு கூட்டு யார் தெரியுமா? அமெரிக்காவின் அமோக்கோவும் ஈரான் தேசிய எண்ணெய் கம்பெனியும். ரெண்டு பேரும் ஒரே மேஜையில் உக்காந்திருந்த காலம்!

ஆனா இணைப்புக்குப் பதிவு பண்ணிட்டு வருஷக் கணக்கில் உக்காந்திருக்கணும். எம்.பி.க்களுக்குன்னு ஒரு கோட்டா இருந்தது. அவர் கையெழுத்துப் போட்ட கூப்பன் கிடைச்சா சீக்கிரம் வரும். எங்கப்பாவுக்கு எந்த எம்.பி.யைத் தெரியும்? ஆறு வருஷம். சிலிண்டர் வந்த அன்னிக்கு அடுப்புக்குக் குங்குமம் வெச்சு, முதல்ல பால் காய்ச்சினாங்க. ஊதுகுழலை அம்மா என்ன பண்ணாங்கன்னு இதுவரைக்கும் தெரியாது. மறுநாளிலிருந்து அதைக் காணோம்.

பிற்பாடு நிலைமை தலைகீழா மாறிச்சு. 2007ல் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமா கேஸ் இணைப்பும் அடுப்பும் கொடுக்க ஆரம்பிச்சது. மத்திய அரசின் உஜ்வலா 2016ல் வந்தது. விறகுத்தொட்டிகள் ஒண்ணொண்ணா மூடிக்கிச்சு. சவுக்குக் கட்டை இப்போ நமக்குத் தெரியறதெல்லாம் கட்டடத்துக்குச் சாரம் கட்டவும் பந்தல் போடவும்தான்.

சரி, பார்பெக்யூவுக்கு வருவோம். வார்த்தையே கரீபியன் தீவுகளின் டைனோ மக்களோடது. கம்பு நட்டு மேலே பரண் கட்டி, அதில் மீனையும் இறைச்சியையும் போட்டுக் கீழே தீ மூட்டுவாங்க. அந்தப் பரண் பேர் பார்பகோவா. ஸ்பானியர்கள் வந்து வார்த்தையை எடுத்துக்கிட்டாங்க, மக்களைப் பெரும்பாலும் ஒழிச்சுட்டாங்க.

வீட்டுக் கொல்லையில் கரி அடுப்பு வைக்கிற பழக்கம் அமெரிக்காவில் பரவினதுக்குக் கார் கம்பெனியும் ஒரு காரணம்னா நம்புவீங்களா? 1920களில் ஹென்றி ஃபோர்டு, கார் செய்த மரத்தில் மிஞ்சின துண்டையும் தூளையும் கரிக்கட்டியா அழுத்தி விற்க ஆரம்பிச்சார். 1952ல் சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், ஏரியில் மிதக்க விடற இரும்பு மிதவையைக் குறுக்கே வெட்டி, கீழ்ப்பாதி அடுப்பு, மேல்பாதி மூடின்னு ஆக்கினார். மூடி வந்ததுதான் பெரிய திருப்பம், காத்தும் மழையும் அடங்கிச்சு. 1960களில் கேஸில் எரியறது கடைக்கு வந்தது. அதில் கேஸ் கம்பெனிகளுக்கும் லாபம், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க விற்கிற கேஸைக் கோடையிலும் விற்கலாமே! ஆரம்பத்தில் கரி மாதிரி இருக்கட்டும்னு எரிமலைக் கல்லைப் பரப்பினாங்க. 1985ல் வெபர் ஜெனிசிஸ், கல்லுக்குப் பதிலா பர்னர் மேலே கூரை மாதிரி உலோகத் தகடு வெச்சது.

இந்தத் தகடுதான் கரியா கேஸாங்கற சண்டைக்கு முக்கால்வாசி பதில். சுட்ட வாசனையில் பெரும்பகுதி கரியிலிருந்து வர்றதில்லை. கொழுப்பும் மசாலாவும் சொட்டி, கொதிக்கிற பரப்பில் விழுந்து ஆவியாகி, திரும்ப மேலே ஏறுதே, அதிலிருந்து வருது. பன்னிக்கறியைப் பத்து மணி நேரம் வாட்டறவங்களுக்கு விறகும் கரியும் வேணும். பதினைந்து நிமிஷத்தில் வேகற சங்கராவுக்கு எதுக்கு? பெசன்ட் நகர் பீச்சில் மக்காச்சோளம் சுடற அம்மா கரியில்தான் சுடறாங்க, அந்த ருசி தனின்னு நானும் ஒத்துக்கறேன். ஆனா எங்க வீட்டில் புகைக்கு ஓட்டுப் போட முடியாது.

கேஸ்னு முடிவாச்சு. மச்சான் அங்கிருந்தே ஒண்ணை அனுப்பறேன்னார். வேண்டாம்னுட்டேன். காரணம் இருக்கு. அங்கே சிலிண்டர்ல வர்றது பெரும்பாலும் புரொப்பேன், நம்ம வீட்டு சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்து வருது. அவங்க சிலிண்டர் வாய் மரை போட்டது, நம்மது 22 மில்லிமீட்டர் வால்வு, ரெகுலேட்டர் ஒட்டவே ஒட்டாது. நம்ம ரெகுலேட்டர் விடற அழுத்தம் சுமார் 30 மில்லிபார். அமெரிக்க அடுப்பு அதுக்குப் பக்கத்தில் இருக்கு, 27, 28. ஜெர்மன் அடுப்புன்னா 50. அதை வாங்கி இங்கே மாட்டினா தீ மினுக்கு மினுக்குன்னு அழும். ஆகவே பளபளப்பைப் பார்க்காதீங்க. "இந்திய எல்பிஜி, 30 மில்லிபார், அதுக்கேத்த ஜெட்"னு எழுதியிருக்கான்னு பாருங்க.

இது தெரிஞ்சும் நான் ஒரு தடவை ஏமாந்தேன். ஒரு கடையில் வாங்கி வந்ததைப் பிரிச்சா உள்ளே வெளிநாட்டு ரெகுலேட்டர். போன் பண்ணா "ஒரு அடாப்டர் போட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்"ங்கறார். கேஸில் என்னய்யா அட்ஜஸ்ட்? திருப்பிக் கொடுத்து காசை வாங்க மூணு வாரம் அலைஞ்சேன்.

அப்புறம் உப்புக் காத்து. பாலவாக்கத்தில் ஜன்னல் கம்பியே ரெண்டு வருஷத்தில் செதில் செதிலா உரியுது. கடைக்குப் போகும்போது ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க. துருப்பிடிக்காத எஃகுன்னு சொல்றதில் காந்தம் பச்சக்குன்னு ஒட்டினா அது மலிவு ரகம், கடலோரத்தில் தாங்காது. 304 ரகத்தில் பெரும்பாலும் ஒட்டாது. மேலே சுடற கம்பி மட்டும் நான் வார்ப்பிரும்பு எடுத்தேன். தோசைக்கல்லை எண்ணெய் போட்டுப் பழக்கத் தெரிஞ்ச வீட்டில் அது ஒரு பாரமா?

பர்னர் எத்தனை? மூணு, நாலுன்னு ஆசை காட்டுவாங்க. ரெண்டு பர்னர் சுமார் 6 கிலோவாட்டுன்னா மணிக்கு அரைக் கிலோ கேஸ் குடிக்கும். அரை மணி நேரம் மீன் சுட்டா கால் கிலோ. 14.2 கிலோ சிலிண்டரில் கணக்குப் போட்டுக்குங்க. நாலு பேர் வீட்டுக்கு ரெண்டு பர்னர் தாராளம். ரெண்டாவது சிலிண்டர் இல்லாதவங்களுக்கு 2013லிருந்து பெட்ரோல் பங்க்கில் விற்கிற 5 கிலோ சிலிண்டர் இருக்கு.

கடைசியா, எங்கே வைக்கறது. கீத்துக் கொட்டகைக்கு அடியில் கூடவே கூடாது. கேஸ் காத்தைவிட கனம், கசிஞ்சா தரையோடு தரையா படரும், அதனால் மூடியைத் திறந்துட்டுத்தான் பத்த வைக்கணும். சோப்புத் தண்ணி தடவி இணைப்பைப் பார்க்கணும். மூடியின் பின்பக்கத்து இடுக்கில் கடல் காத்து புகுந்தா, சூடு முன்பக்கம் தள்ளி குமிழெல்லாம் கொதிக்கும். அதனால் அடுப்பின் பின்பக்கம் கடலைப் பார்க்கக் கூடாது. கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டியது சமைக்கிறவர்தான்.

சித்திரையில் ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்திரம் முதல் மீன். குப்பத்துக் கரையில் வாங்கின சங்கரா, மிளகாய்த்தூள், மஞ்சள், புளி, நல்லெண்ணெய். அம்மா மாடிக்கு வர மாட்டேன்னுட்டாங்க. மீன் திரும்பிப் போடற நேரத்துக்குப் படியில் சத்தம். மெதுவா ஏறி வந்து, நாற்காலியை எடுத்து அடுப்புக்கு ரெண்டடி தள்ளிப் போட்டு உக்காந்தாங்க. மூடியைத் திறந்தேன். லேசா ஒரு ஆவி எழும்பி, கடல் காத்தில் கால்வாய்ப் பக்கம் போயிடுச்சு.

அம்மா அதையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. "இருமல் வரலையே"ன்னாங்க. அப்புறம் குனிஞ்சு பார்த்துட்டு, "ஓரத்துல ஒண்ணு தீயுது பாரு, திருப்பு"ன்னாங்க.