பழைய பண்ணை லொறிக்குப் புதிய எஞ்சின்

அமெரிக்கக் கிராமங்களின் களஞ்சியங்களில் பல்லாண்டுகளாகத் தூசி படிந்து கிடந்த சிறிய லொறிகளை வெளியே இழுத்து, வலுமிக்க புதிய எஞ்சின்களைப் பொருத்தி ஓடவிடுவோர் பலர். இது வரலாற்றுச் சின்னத்தைச் சிதைக்கும் செயல் என்பது பழைமை பேணுவோரின் குற்றச்சாட்டு. ஓடாத வண்டி வெறும் துருப்பிடித்த இரும்பு என்பது மறுதரப்பின் வாதம். எந்தப் பக்கம் நியாயம் உண்டு என்பதற்கு அந்த வண்டிகளின் வரலாறே சாட்சி சொல்கிறது.

1908 இல் போர்ட் நிறுவனத்தின் 'மொடல் ரி' கார் வெளிவந்தது. விவசாயிகள் அதன் பின்பகுதியில் மரப்பெட்டியைப் பொருத்திப் பாரம் ஏற்றினர். பின்சக்கரத்தை உயர்த்தி நிறுத்தி, அதில் பட்டி மாட்டி விறகு அரிந்தனர், நீர் இறைத்தனர். இந்தப் பழக்கத்தைக் கண்ட போர்ட், 1925 இல் தொழிற்சாலையிலேயே பெட்டி பொருத்திய 'பிக்கப்' வண்டியை 281 டொலருக்கு விற்பனைக்கு விட்டது. அதன் எஞ்சின் 20 குதிரைவலு மட்டுமே. பிக்கப் என்ற வண்டியே மாற்றியமைப்பில் பிறந்தது என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

போட்டியாளரான செவ்ரலே 1929 ஆம் ஆண்டு வண்டிகளில் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் புகுத்தியது. அதுவரை இங்கிலாந்தில் பொருத்தி விற்கப்பட்ட செவ்ரலே லொறியின் வழித்தோன்றலே 1931 இல் அறிமுகமான பெட்போர்ட். ஈழத்து வீதிகளில் பெட்போர்ட் லொறிகளைக் கண்டு வளர்ந்தோருக்கு இந்த உறவுமுறை வியப்பளிக்கக்கூடும்.

போருக்குப் பின்னர், 1947 இல், வளைந்த முகப்புடைய புதிய செவ்ரலே பிக்கப் வந்தது. இன்று அதிகம் மாற்றியமைக்கப்படும் பண்ணை வண்டிகளுள் இதுவும் ஒன்று. 216 கன அங்குல எஞ்சின், 90 குதிரைவலு. சுழலும் தண்டின் கரண்டிகள் எண்ணெயை அள்ளித் தெளிக்கும் பழைய முறை அதில் இருந்தது. வயல் ஒழுங்கைக்கு அது தாராளமாகப் போதும். நீண்டநேர நெடுஞ்சாலை வேகத்துக்குப் போதாது.

1955 இல் செவ்ரலேயின் 265 கன அங்குல வி-8 எஞ்சின் வந்ததும் நிலைமை மாறியது. மலிவாகவும் சிறிதாகவும் இருந்த அதனைப் பழைய வண்டிகளில் ஏற்றுவது வழக்கமாயிற்று. 1997 இல் கொர்வெட் காருடன் வந்த 'எல்எஸ்1', அலுமினிய உடலும் 345 குதிரைவலுவும் கொண்டது. 1999 முதல் அதே குடும்பத்து எஞ்சின்கள் சாதாரண பிக்கப்களிலும் இடம்பெற்றன. விபத்தில் நொறுங்கிய வண்டிகள் உடைசல் களங்களுக்கு வந்து சேர, எஞ்சின்களும் கைக்கெட்டும் விலைக்கு வந்தன.

எஞ்சினை இறக்கிவைப்பது வேலையின் ஒரு பகுதி மட்டுமே. 90 குதிரைவலுவுக்கென அமைந்த உருக்குச் சட்டகம் நான்கு மடங்கு வலுவைத் தாங்கவேண்டும். 6 வோல்ற் மின்முறை 12 ஆகவேண்டும். ஒற்றைக் குழாய்வழியில் இயங்கும் டிரம் பிறேக்குகளை அப்படியே விட்டால், ஒரு கசிவே உயிரைப் பறித்துவிடும். ஆகவே நிறுத்தும் வழியை அமைத்த பின்னரே ஓட்டும் வலுவைக் கூட்டுவது அறிவுடைமை.

புதிய எஞ்சினை ஆள்வது ஒரு சிறிய கணினி. அதையும் திறந்து, அதன் கட்டளைகளை மாற்றியெழுதக் கராஜ்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். ஆனால் வயலில் நிற்கும் புதிய உழவு இயந்திரத்தின் நிலை வேறு. அதன் மென்பொருளைத் திறக்கும் உரிமைக்காக அமெரிக்க விவசாயிகள் போராட வேண்டியிருந்தது. விவசாயக் கருவிகளைத் திருத்தும் உரிமையைக் கொலராடோ மாநிலம் 2023 இல் சட்டமாக்கியது. திருத்த வேலைகளைத் தடுப்பதாகக் குற்றஞ்சாட்டி, 2025 ஜனவரியில் ஜோன் டியர் நிறுவனத்தின் மீது மத்திய வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது.

மொடல் ரி வண்டியில் மரப்பெட்டி பொருத்திய விவசாயி எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. பழைய லொறியில் புதிய எஞ்சினை ஏற்றுபவர் அந்த விவசாயியின் வாரிசே. அவரிடம் வேண்டுவது ஒன்றுதான்: கழற்றிய பழைய எஞ்சினை இரும்புக் கடைக்கு அனுப்பாமல், எண்ணெய் பூசிக் களஞ்சிய மூலையில் வைத்துவிடட்டும். பின்னால் வருபவர் விரும்பினால் அதை மீண்டும் பூட்டிக்கொள்ளலாம்.