அசைவு, வாரம், துடிப்பு: கருக்கலைப்புச் சட்ட வரலாற்றில் பெண்ணின் இசைவு

புறநானூற்றின் 34ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார், மகளிரின் கருவைச் சிதைத்தோரைப் பெருங்குற்றம் புரிந்தோர் வரிசையில் வைக்கிறார். அவர்க்கும் கழுவாய் உண்டு. செய்ந்நன்றி கொன்றோர்க்கே உய்வில்லை என்பது பாடற் பொருள். அங்குச் சிதைத்தோர் பேசப்படுகின்றனர். கருவுற்றவளின் விருப்பம் பேசப்படவில்லை. அவ்விருப்பம் சட்டத்தில் இடம்பெற்ற வரலாற்றைச் சித்தூர், திருப்பதிப் பகுதியை முன்னிறுத்தி நோக்குவது இக்கட்டுரை.

1911இல் சென்னை மாகாணத்தில் உருவான சித்தூர் மாவட்டம் 1953இல் ஆந்திர மாநிலத்திற்குரியதாயிற்று. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும், 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் இருபுறமும் ஒன்றாகவே நின்றது. அதன் 312ஆம் பிரிவு, தாயின் உயிர் காக்கும் நல்லெண்ணமின்றிச் செய்த கருச்சிதைவுக்கு மூன்றாண்டு வரையும், கருவின் அசைவு தோன்றிய பின்னாயின் ஏழாண்டு வரையும் சிறை விதித்தது. அசைவை முதலில் உணர்பவள் தாயே. எனினும் தன் கருவைத் தானே சிதைத்தவளும் அப்பிரிவின்படி குற்றவாளியானாள். அவள் இசைவின்றிச் செய்தோர்க்கு 313ஆம் பிரிவு கடுந்தண்டனை வகுத்தது. ஆக, அன்று இசைவு பிறரது குற்றத்தை அளக்கும் கோலாயிருந்ததேயன்றி அவளது உரிமையாக இல்லை. 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இவ்வேறுபாட்டைத் தொடர்கிறது.

சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1971இல் இயற்றப்பெற்ற மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், அசைவுக்கு மாற்றாக வாரக் கணக்கைக் கொண்டது. பன்னிரண்டு வாரம் வரை ஒரு மருத்துவர், இருபது வரை இருவர் கருத்துரைக்க வேண்டும். 2021ஆம் ஆண்டுத் திருத்தம், ஒரு மருத்துவர் போதுமென்ற எல்லையை இருபது வாரமாகவும், குறிப்பிட்ட பிரிவினர்க்குரிய உச்ச வரம்பை இருபத்துநான்காகவும் உயர்த்தியது. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் இசைவு போதும். கணவன் ஒப்புதல் வேண்டா. எனினும் முடிவு மருத்துவர் கருத்தையே சார்ந்தது.

மருத்துவத்தின் தன்மை, பயன், இடர், மாற்று வழி ஆகியவற்றை அறிந்த பின் தருவதே மெய்யான இசைவு என்பதை 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுறுத்தியது.

கருவின் இதயத்துடிப்பைக் கேட்கச் செய்யும் விதியை அமெரிக்காவின் டெக்சாஸ் 2011இல் இயற்றியது. இந்தியச் சட்டத்தில் அத்தகு விதி இல்லை; 1994ஆம் ஆண்டின் பாலினத் தெரிவுத் தடைச் சட்டம் மீயொலிச் சோதனையைக் கட்டுப்படுத்துகிறது. ஆயினும் 2023 அக்டோபரில் இருபத்தாறு வாரம் கடந்த கருவைப் பற்றிய வழக்கில், அதன் துடிப்பை நிறுத்துவதா என்னும் வினா உச்சநீதிமன்றத்தில் எழுந்தது. இரு நீதிபதிகள் மாறுபட, மூவர் ஆயம் அனுமதி மறுத்தது.

அசைவு தாயுணர்வு, வாரம் கணக்கு, துடிப்பு கருவியின் செய்தி. சான்று அவள் உடலினின்று விலகுந்தோறும் அவள் சொல்லின் மதிப்பும் குறையக்கூடும். தமிழும் தெலுங்கும் வழங்கும் நகரி, சத்தியவேடு போன்ற ஊர்களில் இசைவுப் படிவம் எம்மொழியில் விளக்கப்படுகிறது என்பது மொழிச் சிக்கல் மட்டுமன்று, உரிமைச் சிக்கலுமாம். கையொப்பம் இசைவின் அடையாளம். பொருளுணர்ந்த சொல்லே இசைவு.