கரண்ட்தான் முதல் பெடல்

கோலார் தங்கவயல்காரன் என்றால் இங்கே எல்லோரும் தங்கத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கரண்ட்!

1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரில் எடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் எங்கள் ஊருக்கு வந்தது. பெங்களூர்த் தெருவிளக்குகளே 1905-இல்தான் எரிந்தன. ஆனால் அது வந்தது வட ஆற்காட்டிலிருந்து பிழைக்கப்போன நம் ஜனங்களின் குடிசைக்காக அல்ல, சுரங்கத்துக்காக.

சரி, கிடாருக்கு வருவோம். "எந்த பெடல் வாங்கலாம் அங்கிள்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள். ஒரே அடாப்டரில் எல்லா பெடலையும் கோர்த்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கிளம்பலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் சப்ளை அதை அடக்கும். மிச்ச இரைச்சல் கிடாரின் பிக்கப் வழியாக வருவது. அதிலுள்ள கம்பிச்சுருள் தந்தியின் அதிர்வோடு வீட்டுக் கரண்டின் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். 1955-இல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலை அடித்துவிட்டார். அதுதான் ஹம்பக்கர்! வா, ஓவர்டிரைவ், டிலே என்ற வரிசை, ஆம்பின் வால்யூம் எல்லாம் அப்புறம்தான்.

எங்கள் ஊரில் கரண்ட் என்றால் பாதாளத்தில் இருப்பவனுக்குக் காற்று, தண்ணீர் இறைப்பு, உயிர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். பிறகு இறைப்பதும் நின்று, குழிகளில் தண்ணீர் ஏறிவிட்டது. ஆம்பின் பிளக்கைச் செருகும் நம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லி வையுங்கள்.