பிரிக்காமல் விட்ட பந்தல்

மலர்க்குழுவினர், "நீங்க வரலாறு படிச்சவராச்சே, ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றார்கள். நம் கல்லூரி விழாப் பந்தலை மறுநாளே பிரித்துவிடுவோம். ஜப்பானில் பிரிக்காமல் விட்ட ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

1970-ல் ஒசாகாவில் உலகக் கண்காட்சி. ஆறு மாதத்தில் 6 கோடியே 40 லட்சம் வருகைகள்! 'மனிதகுலத்தின் முன்னேற்றமும் இணக்கமும்' என்பது முழக்கம். நடுவே விழாத் திடல். அதன்மேல் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கேயின் மாபெரும் இரும்புக் கூரை. மைய அரங்கை ஏற்ற ஓவியர் தாரோ ஒகமோட்டோ என்ன செய்தார் தெரியுமா? கூரையைப் பொத்துக்கொண்டு 70 மீட்டரில் 'சூரிய கோபுரம்' நிறுத்திவிட்டார். முன்னேற்றம் என்ற பேச்சிலேயே மனிதருக்கு நம்பிக்கை கிடையாது.

உச்சியில் எதிர்காலத்தின் பொன்முகம், வயிற்றில் நிகழ்காலம், முதுகில் கடந்தகாலத்தின் கறுப்புச் சூரியன். உள்ளே 'உயிர் மரம்': அடியில் அமீபா, நடுவில் டைனோசர், மேலே ஆதிமனிதன். அமீபாவை மனிதனுக்குச் சமமாக மதித்தவர் அவர்!

விழா முடிந்ததும் மற்ற அரங்குகளைப் போல இதையும் இடிப்பதாகத்தான் ஏற்பாடு. மக்கள் விடவில்லை, கையெழுத்து வாங்கினார்கள். 1975-ல் நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடிவாயிற்று. கூரைதான் போயிற்று, ஒரு துண்டு பூங்காவில் கிடக்கிறது. பல்லாண்டு பூட்டிக் கிடந்த உள்பகுதியை 2018-ல் செப்பனிட்டுத் திறந்தார்கள்.

எனக்கு இன்னும் உறுத்துவது நாலாவது முகம். நிலத்தடியில் இருந்த, 11 மீட்டர் அகலமுள்ள 'பாதாளச் சூரியன்'. அவ்வளவு பெரிய பொருள் விழாவுக்குப் பிறகு எங்கே போச்சுன்னு யாருக்கும் தெரியவில்லை. இப்போது அங்கிருப்பது பழைய படங்களைப் பார்த்துச் செய்த நகல்.