விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் தனித்தனி டிரைவில்: செக்யூர் பூட்டை ஆஃப் செய்ய வேண்டுமா?

வேண்டாம். உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றின் 'ஷிம்' என்ற தொடக்க நிரலில் மைக்ரோசாஃப்ட்டின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. செக்யூர் பூட் ஆன்ல இருந்தாலும் அவை இயங்கும். சில புதிய லேப்டாப்களில் மட்டும், பயாஸில் 'தேர்ட் பார்ட்டி சிஏ' ஆப்ஷனை ஆன் செய்ய வேண்டியிருக்கும்.

முதல் வேலை என்ன?

பிட்லாக்கர் ரெக்கவரி கீயை எடுத்து வையுங்க. பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் நமக்கே தெரியாம டிரைவ் என்க்ரிப்ட் ஆகியிருக்கும். செக்யூர் பூட் அமைப்பை மாற்றினால், அடுத்த முறை 48 இலக்க கீயைக் கேட்கலாம். அது இல்லைன்னா ஃபைல்கள் போனதுதான். பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். ஆபீஸ் லேப்டாப் என்றால், ஐடி டீமைக் கேட்காம தொடாதீங்க.

தனி டிரைவால் என்ன லாபம்?

ஒவ்வொரு டிரைவிலும் தனி இஎஃப்ஐ பகுதி இருந்தால், ஒரு டிரைவ் பழுதானாலும் மற்றது பூட் ஆகும். ஆனா உபுண்டு இன்ஸ்டாலர் சில சமயம் விண்டோஸ் டிரைவிலேயே பூட்லோடரைப் போட்டுவிடும். இன்ஸ்டால் முடியும்வரை விண்டோஸ் டிரைவைக் கழற்றி வைப்பது நல்லது. பிறகு பூட் மெனுவில் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அப்போ முழுப் பாதுகாப்பா?

இல்லை. டிரைவ்தான் தனி, மதர்போர்டு ஒன்றுதான். எந்தப் பழைய ஷிம்மைத் தடுக்க வேண்டும் என்ற விவரம் மதர்போர்டில் பதிவாகிறது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் இதை மாற்றியதால், பலருக்கு லினக்ஸ் பூட் ஆகவில்லை. அதனால் லினக்ஸையும் தவறாம அப்டேட் செய்யுங்க.