கட்டுவதா, வாங்குவதா? டிவிக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டரின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரக் கதை எங்க வீட்டு ஹாலில் ஆரம்பிக்குது.

போன தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனப்போ பையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருந்தது. கேஸ் தனியா, போர்டு தனியா, ராம் தனியான்னு பார்த்துப் பார்த்து வாங்கி நானே அசெம்பிள் பண்ணினது. டிவிக்குப் பின்னால் வச்சு, லினக்ஸ் போட்டு, அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வச்சு ஒரு படம் ஓட்டினேன். ஓடுச்சு. ஆனா முகமெல்லாம் லேசா மங்கல். உள்ளே போய்ப் பார்த்தா 720பி. டிவி 4கே. நெட் வேகம் தாராளம். நான் கட்டுற சந்தாவும் 4கே சந்தா.

அப்பா ஒண்ணும் சொல்லலை. ஏற்கெனவே வாங்கி வச்சிருந்த ஸ்டிக்கை எடுத்து டிவியில் செருகினார். அதே படம், அதே அக்கவுண்ட். பளிச்சுன்னு 4கே. "நீ இன்ஜினியர்தானேப்பா?" அப்படின்னு மட்டும் கேட்டார்.

அந்த ஸ்டிக்கைவிட என் பெட்டியில் இருக்கும் புராசஸர் பல மடங்கு வேகம். அப்போ குறை ஹார்டுவேரில் இல்லை. வேற எங்கே? அதைத் தேடிப் போனதில் கிடைச்சதுதான் இன்றைய எபிசோட். ஹாலில் வைக்கும் கம்ப்யூட்டரைக் கட்டுவதா, வாங்குவதா என்ற கேள்வி, ஒரு காலத்தில் காசும் பொறுமையும் சம்பந்தப்பட்ட விஷயமா இருந்தது. அது எப்படி அனுமதி சம்பந்தப்பட்ட விஷயமா மாறுச்சு? கதை பெரும்பாலும் நடந்தது அமெரிக்காவில். 1999-லிருந்து ஆரம்பிப்போம்.

அந்த வருஷம் ஜனவரியில் லாஸ் வேகஸ் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சியில் இரண்டு பெட்டிகள் வந்தன. ஒன்று டிவோ, இன்னொன்று ரீப்ளேடிவி. இரண்டும் செய்தது ஒரே வேலை. டிவி நிகழ்ச்சியை டேப்பில் இல்லாமல் ஹார்டு டிஸ்கில் பதிவு செய்வது. நேரலையை நடுவில் நிறுத்திவிட்டு டீ போட்டுக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். வீட்டில் டிவி நிகழ்ச்சியைப் பதிந்து பிறகு பார்ப்பது குற்றமில்லை என்று 1984-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சோனியின் பீட்டாமேக்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், மயிரிழையில் வந்த தீர்ப்பு. இந்தப் பெட்டிகள் நின்றது அந்தத் தீர்ப்பின் மேல்தான்.

டிவோவைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒரு ஆச்சரியம். உள்ளே ஓடியது லினக்ஸ். ஒரு புராசஸர், ஒரு ஹார்டு டிஸ்க், ஒரு டியூனர். அவ்வளவுதான். "இதை நாமே பண்ணலாமே" என்ற எண்ணம் யாருக்கு வராது?

2002 ஏப்ரலில் ஐசக் ரிச்சர்ட்ஸ் என்ற புரோகிராமர் அதைத்தான் செய்தார். அவர் வீட்டு கேபிள் பாக்ஸ் சேனல் மாற்றவே நேரம் எடுத்தது. பார்க்கிற இடமெல்லாம் விளம்பரம். கடுப்பில் தானே ஒன்று எழுத ஆரம்பித்தார். அதுதான் மித்டிவி. இலவசம், ஓப்பன் சோர்ஸ். பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் போதும், மாதச் சந்தா கிடையாது.

ஆனா 'இலவசம்' என்ற வார்த்தையை அப்படியே நம்பிவிடாதீங்க. அன்றைய சாதாரண புராசஸருக்கு ஓடும் வீடியோவை அப்போதைக்கு அப்போதே சுருக்கி எழுதுவது பெரிய சுமை. அதற்காகவே சிப் வைத்த ஹாப்பாஜ் பிவிஆர்-250 மாதிரியான டியூனர் கார்டு தேவைப்பட்டது. அதற்கு டிரைவர் தேடணும். ரிமோட் வேலை செய்ய லிர்க் என்ற இன்னொரு மென்பொருள். ஃபேன் சத்தம் வேற, படத்தில் யாராவது கிசுகிசுத்தா ஒண்ணும் கேட்காது. வியா நிறுவனம் கொண்டுவந்த 17 சென்டிமீட்டர் சதுர மினி-ஐடிஎக்ஸ் போர்டுகளுக்கு ஒரு ரசிகர் கூட்டமே உருவானதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அதுக்கு மேல, எந்தச் சேனலில் எப்போ என்ன ஓடும் என்ற அட்டவணை எங்கிருந்து வரும்? மித்டிவிக்காரர்கள் ஒரு நிறுவனம் இலவசமாகத் தந்த டேட்டாவை நம்பியிருந்தார்கள். 2007 செப்டம்பரில் அது நின்றது. உடனே ஓப்பன் சோர்ஸ் ஆட்கள் சேர்ந்து ஷெட்யூல்ஸ் டைரக்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பை ஆரம்பித்து, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு அட்டவணையை வாங்கினார்கள். நீங்களே கட்டினாலும் ஏதோ ஒரு கயிறு வெளியே போய் யாரோ ஒருத்தர் கையில்தான் முடியும். இதை மனசில் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

வாங்குகிற பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் 2002 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி மீடியா சென்டர் எடிஷனைக் கொண்டுவந்தது. சோபாவிலிருந்து ரிமோட்டில் இயக்குகிற, பெரிய எழுத்துகள் கொண்ட, உண்மையிலேயே அழகான மென்பொருள். ஆனால் கடையில் டிஸ்க்காகக் கிடைக்காது. அதற்கென விற்கப்பட்ட புது கம்ப்யூட்டரோடு மட்டும்தான் வரும். 'வேணும்னா முழுசா வாங்கு' என்ற வார்த்தை இந்தக் கதையில் முதல் தடவையா இங்கே கேட்குது.

இதுக்கு நடுவில் மூணாவது வழி ஒண்ணும் இருந்தது. வாங்கி உடைப்பது. 2001-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ், கேம் பெட்டி வேஷத்தில் இருந்த ஒரு பிசி. 733 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் ரகப் புராசஸர், 64 எம்பி ராம், ஹார்டு டிஸ்க், டிவியில் நேராகச் செருகலாம். பூட்டை உடைத்து அதில் ஓடவிட எழுதப்பட்டதுதான் எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர். 2004 ஜூனில் 1.0 வந்தது. சோர்ஸ் கோடு எல்லாருக்கும் திறந்திருந்தது. ஆனால் அதை எக்ஸ்பாக்ஸில் ஓடும் வடிவமாக மாற்ற மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவிகள் தேவை. அதனால் அந்த புரோகிராமர்களால் ரெடிமேட் கோப்பை வெளிப்படையாகத் தர முடியவில்லை. அந்தப் பெட்டியைத் தாண்டி லினக்ஸ், மேக், விண்டோஸ் என்று பரவி, 2014-ல் பெயர் மாறி, இன்று நமக்குத் தெரிந்த கோடியாக நிற்பது அதேதான். பிளெக்ஸும் அந்த மரத்தின் கிளைதான்.

சரி, பூட்டு எப்போ வந்தது? ஒரே நாளில் வரலை. ஒண்ணு ஒண்ணா மாட்டினாங்க.

முதல் பூட்டு டிவிடி. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை லினக்ஸில் போட்டால் ஓடாது, ஏன்னா அதைத் திறக்கும் சாவி லைசென்ஸ் வாங்கிய பிளேயர்களிடம் மட்டும் இருந்தது. 1999-ல் அந்தப் பூட்டைத் திறக்கும் புரோகிராம் வெளிவந்தது. அதில் பங்கெடுத்ததற்காக நார்வேயில் ஜான் யோஹான்சன் மேல் வழக்கு. புரோகிராம் வந்தப்போ அவருக்கு 15 வயது. 2003-ல் இரண்டு நீதிமன்றங்களும் அவரை விடுவித்தன.

இரண்டாவது பூட்டு டிவோவுக்குள்ளேயே வந்தது. லினக்ஸின் லைசென்ஸ்படி டிவோ தன் சோர்ஸ் கோடைத் தந்தது. நீங்கள் அதைத் திருத்தலாம். ஆனால் திருத்தியதை அதே பெட்டியில் ஏற்றினால், டிஜிட்டல் கையெழுத்து பொருந்தவில்லை என்று பெட்டி ஓட மறுக்கும். கோடு உங்களுடையது, பெட்டி உங்களுடையது, இரண்டையும் சேர்க்கும் உரிமை மட்டும் உங்களுக்கு இல்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் இதற்கு 'டிவோவைசேஷன்' என்றே பெயர் வைத்தார். 2007 ஜூனில் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில் இதைத் தடுக்கவே ஒரு பிரிவு இருக்கு. லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. லினக்ஸ் கெர்னல் இன்றும் இரண்டாம் பதிப்பிலேயே இருக்கு.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச அத்தியாயம். 2003 நவம்பரில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி ஒரு விதி போட்டது. டிஜிட்டல் ஒளிபரப்பில் 'இதை இஷ்டத்துக்கு வெளியே பரப்பாதே' என்ற ஒரு குறி வரும். 2005 ஜூலை 1-க்குப் பிறகு தயாராகும் ஒவ்வொரு டியூனரும் அதற்குக் கட்டுப்படணும். அதற்கு முன் தயாரான கார்டுகளுக்கு அது பொருந்தாது. அதாவது கட்டுவதற்கு ஒரு கடைசித் தேதி! டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் அமைப்பு, 'இப்போதே டியூனர் கார்டு வாங்கி மித்டிவி பெட்டியைக் கட்டிக்கோங்க' என்று செய்முறைக் குறிப்பு எழுதி வெளியிட்டது. ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்து பெட்டி கட்டும் கூட்டங்களையும் நடத்தியது. தேதிக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில், 2005 மே மாதம், வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. சிக்னல் வந்து சேர்ந்த பிறகு வீட்டுக்குள் இருக்கும் கருவி என்ன செய்கிறது என்பது எஃப்சிசியின் அதிகாரத்துக்குள் வராது என்பதுதான் காரணம்.

கட்டுகிறவர்கள் ஜெயிச்சாங்கன்னு தோணும். ஆனா கேபிள் பக்கம் நான்காவது பூட்டு ரெடியா இருந்தது. பெயர் கேபிள்கார்டு. கேபிள் கம்பெனியின் பெட்டியை வாடகைக்கு எடுக்காமல், கடையில் வாங்கிய கருவியிலேயே ஒரு அட்டையைச் செருகி சேனல் பார்க்கலாம். நல்ல நோக்கம்தான், 1996 சட்டத்திலிருந்து பிறந்த யோசனை. 2007 வாக்கில் விண்டோஸ் விஸ்டா கம்ப்யூட்டருக்கும் அது வந்தது. நிபந்தனை ஒன்றுதான்: டியூனர் மட்டும் போதாது, முழு கம்ப்யூட்டரும் கேபிள் தொழிலின் ஆய்வு அமைப்பான கேபிள்லேப்ஸின் சான்று பெற்ற மாடலாக இருக்கணும். பயாஸில் அதற்கென ஒரு அடையாளம் இருக்கும். அதே பாகங்களை வாங்கி நீங்களே அசெம்பிள் பண்ணினால் அந்த டியூனர் வேலை செய்யாது.

யோசிச்சுப் பாருங்க. ஒரே ஸ்க்ரூ, ஒரே போர்டு. யார் கை மாட்டினது என்பதை வச்சு அனுமதி. 2009 செப்டம்பரில் இந்த நிபந்தனையை விலக்கினார்கள். ஆனால் அதற்குள் ஆட்டம் வேறு மைதானத்துக்குப் போய்விட்டது.

2007 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இணையத்தில் படம் காட்ட ஆரம்பித்தது. 2008 மே மாதம் ரோக்கு நூறு டாலருக்கு ஒரு சின்னப் பெட்டி விற்றது. 2012 பிப்ரவரி 29-ல் ராஸ்பெர்ரி பை வந்தது, 35 டாலர். 1080பி வீடியோ ஓட்டும், எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டரும் அதில் ஓடியது. கட்டுகிறவர்களுக்கு அதைவிட மலிவாக ஒன்று அதுவரை கிடைத்ததில்லை. அடுத்த வருஷம் ஜூலையில் கூகுள் குரோம்காஸ்ட் வந்தது. அதுவும் 35 டாலர்.

என்னைப் பொறுத்தவரை கதையின் திருப்பம் இங்கேதான். கட்டுவதும் வாங்குவதும் ஒரே விலை. 'கட்டினா மிச்சம்' என்ற வாதமும் செத்தது, 'கட்டினா செலவு' என்ற வாதமும் செத்தது. மிஞ்சிய ஒரே வித்தியாசம் சாவி.

அந்தச் சாவிக்கு இன்று வைட்வைன் மாதிரிப் பெயர்கள். அதில் நிலைகள் உண்டு. முதல் நிலை என்றால், படத்தைத் திறக்கும் வேலை சிப்புக்குள் இருக்கும் தனி அறையில் நடக்கும். ஆபரேட்டிங் சிஸ்டமே அங்கே எட்டிப் பார்க்க முடியாது. மூன்றாம் நிலை என்றால் எல்லாம் மென்பொருளில். லினக்ஸ் பிரவுசருக்குப் பொதுவாகக் கிடைப்பது மூன்றாம் நிலை. ஸ்டுடியோக்கள் அதற்கு 4கே தருவதில்லை. அப்பாவின் ஸ்டிக்குக்கு முதல் நிலைச் சான்று இருக்கு, என் பெட்டிக்கு இல்லை. கதை அவ்வளவுதான். அதில் என்ன புராசஸர் இருக்குன்னு யாரும் கேட்கவே இல்லை.

ஸ்டுடியோக்கள் பக்கம் நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். கோடிக்கணக்கில் போட்ட படம் முதல் நாளே திருட்டுப் பிரதியா சுத்தினா யாருக்கும் வயிறு எரியும். ஆனா வாங்கினவங்களுக்கும் ஒரு விலை இருந்தது. விண்டோஸ் மீடியா சென்டரில் 'ஒருமுறை மட்டும் நகல்' என்ற குறியோடு வந்த நிகழ்ச்சியைப் பதிந்தால், பதிந்த அந்த ஒரு கம்ப்யூட்டரோடு அது கட்டுப்பட்டிருக்கும். 2015-ல் விண்டோஸ் 10 வந்தப்போ மைக்ரோசாஃப்ட் மீடியா சென்டரையே தூக்கிவிட்டது. புது விண்டோஸுக்கு மாறினவர்களுக்கு அந்த மென்பொருள் போச்சு, பூட்டிய பதிவுகளைப் பார்க்கும் வழியும் அதோடு போச்சு. உடைத்த எக்ஸ்பாக்ஸில் பிறந்த கோடிக்கு இன்னும் புதுப் பதிப்பு வருது. அதில் பத்து வருஷத்துக்கு முந்தைய ஃபைலும் ஓடுது.

அதனால "கட்டலாமா, வாங்கலாமா" என்று யாராவது கேட்டா, நான் பட்ஜெட் கேட்கிறதை விட்டுட்டேன். இப்போ கேட்கிறது ஒரே கேள்வி. நீங்க பார்க்கப்போறது சந்தாவா, ஃபைலா? சந்தா என்றால் ஸ்டிக் வாங்குங்க. சாவி அவங்க கையில், பெட்டி கட்டி நீங்க ஜெயிக்க முடியாது. உங்க கிட்டயே இருக்கும் ஃபைல்கள் என்றால் கட்டுங்க. அங்கே யார் அனுமதியும் வேண்டாம்.

எங்க வீட்டில் இப்போ இரண்டும் இருக்கு. படத்துக்கு அப்பாவோட ஸ்டிக். என் பெட்டி? 1994-ல் நடந்த அப்பா அம்மா கல்யாண கேசட்டை ஊரில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து ஃபைலா மாத்தி அதில் போட்டேன். பந்தியில் தாத்தா வாளியோடு சாம்பார் ஊத்திக்கிட்டே வர்ற ஒரு காட்சி இருக்கு. அவர் இறந்து 11 வருஷம் ஆச்சு. படம் மங்கல்தான், 720பி கூடக் கிடையாது. அப்பா அதை மூணு தடவை திருப்பிப் போடச் சொன்னார். இந்த முறை இன்ஜினியரான்னு கேட்கலை.

உங்க வீட்டு டிவிக்குப் பின்னால் என்ன இருக்கு? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.