நெற்றித் தோலும் மில்டனின் பன்றிகளும்

எங்கள் பேராசிரியர் பழைய காலத்து ஆள். ஃப்ளாப் போடப் போகிறேன் என்று சொன்னால் போதும், "அடி எத்தனை, நீளம் எத்தனை?" என்பார். தோலை முழுக்கச் சீவியெடுத்து ஒட்டுவது வேறு. ஃப்ளாப்பின் ஒரு முனையை உடம்போடு விட்டுவைத்துத்தான் திருப்பித் தைக்கிறோம். ரத்தமும் அதோடு பிராணவாயுவும் அந்த அடிவழியாகத்தான் வர வேண்டும். அடி எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் நீளம். முகத்தில் கொஞ்சம் கூட்டலாம், காலில் கூடவே கூடாது. மீறினால் நுனி கருத்துவிடும். அவர் மாணவராக இருந்தபோது இதுதான் வாய்ப்பாடு.

அந்த வாய்ப்பாட்டை மீறிய ஆபரேஷன் ஒன்று 1794-லேயே லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' இதழில் ஒரு கடிதமாக அச்சேறிவிட்டது! ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர் கவாஸ்ஜி. 1792 போரில் திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். சுமார் ஓராண்டு கழித்து, புனே அருகே செங்கல் அறுக்கும் குலத்தவர் ஒருவர் அவருக்குப் புது மூக்கு செய்தார்.

மெழுகைத் தட்டி அறுந்த இடத்தில் பொருத்திப் பார்த்தார். அதையே தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்குள் இருந்த தோலை உரித்தார். இரண்டு கண்ணுக்கும் நடுவில் மட்டும் ஒரு சின்னப் பட்டையை விட்டு, அதை முறுக்கித் தோலைக் கீழே திருப்பினார். தையல் கிடையாது. காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணிக்கீற்றில் தடவி மேலே போட்டார். நாலு நாள் கழித்து நெய்யில் நனைத்த துணி. ஏறக்குறைய இருபத்தைந்தாம் நாள் பட்டையை அறுத்துவிட்டார். ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றுவது அந்தப் பட்டைதான் என்று கடிதம் எழுதியவரே சொல்கிறார்.

வாய்ப்பாட்டின்படி அந்த மூக்கு செத்திருக்க வேண்டும். சாகாததற்குக் காரணம், புருவத்தின் உள்முனை வழியாக நெற்றிக்கு ஏறும் ஒரு தமனி. பட்டைக்குள் அது ஓடியது. எந்தத் தமனி எந்தத் தோலுக்குச் சோறு போடுகிறது என்று 1889-லேயே ஸ்ட்ராஸ்பர்க்கில் கார்ல் மான்ஷோ என்ற மருத்துவ மாணவர் பார்த்துப் படம் போட்டுவிட்டார். கத்தி பிடிக்கிறவர்கள் கண்டுகொள்ளவில்லை.

1917-ல் இங்கிலாந்தின் சிட்கப்பில் ஹரால்ட் கில்லீஸ், கடற்போரில் முகம் வெந்த ஒரு மாலுமிக்கு ஃப்ளாப்பைக் குழாயாகச் சுருட்டித் தைத்தார். அருமையான யோசனைதான். ஆனால் வயிற்றிலிருந்து மணிக்கட்டு, மணிக்கட்டிலிருந்து முகம் என்று அந்தக் குழாயை நகர்த்த மாதங்கள் ஆகும். கை முகத்தோடு கட்டப்பட்டுக் கிடந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

வாய்ப்பாட்டை உடைத்தவர் ஸ்டுவர்ட் மில்டன். பன்றித் தோலில் வெவ்வேறு அகலத்தில் ஃப்ளாப்புகள் வெட்டிப் பார்த்து 1970-ல் எழுதினார்: அகலத்தைக் கூட்டினால், அதே போலச் சோனியான நாளங்கள் இன்னும் நாலு சேரும், அவ்வளவுதான். ரத்தம் எட்டும் தூரம் கூடாது. நீளவாக்கில் நல்ல தமனி ஒன்று ஓடினால் ஒல்லியான ஃப்ளாப்பும் பிழைக்கும். அடுத்த சில ஆண்டுகளிலேயே தமனியைத் தேடிப் பிடித்து, தொடையிடுக்கிலிருந்து ஃப்ளாப் எடுத்தார்கள். 1973-ல் மெல்போர்னில் அந்தத் தமனியையும் சிரையையும் அறுத்து, மைக்ராஸ்கோப் வைத்துக் காலில் இணைத்தார்கள். குழாய்கள் வழக்கொழிந்தன.

ஆனால் வார்டில் ராத்திரி எங்களை எழுப்புவது பெரும்பாலும் சிரைதான். ஃப்ளாப்பில் ஊசியால் ஒரு குத்து. நிதானித்து வரும் சிவப்புச் சொட்டு என்றால் போய்த் தூங்கலாம். ஒன்றுமே வராமல் வெளுத்துக் கிடந்தால் தமனியில் அடைப்பு. குத்தியதும் கருநீலமாகக் குபுக்கென்று வந்தால், உள்ளே போன ரத்தம் வெளியே வர வழியில்லை என்று பொருள். முதலில் தியேட்டருக்குத் தூக்கிப்போய் அடைப்பைத் திறக்கப் பார்ப்போம். அதுவும் முடியாதபோது அட்டை. நம் ஊர் வைத்தியர்களுக்குப் பழக்கமான இந்த ஜந்துவை, ஃப்ளாப்பைக் காப்பாற்ற விட்டதாக 1960-ல் லுப்லியானாவிலிருந்து இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். அட்டை குடிப்பது சில மில்லிதான். அது விழுந்த பிறகும் கடிவாய் பல மணி நேரம் கசிந்துகொண்டிருக்கும். அந்தக் கசிவுதான் எங்களுக்கு வேண்டும். புதுச் சிரைகள் முளைக்கும்வரை சில நாள் இப்படியே ஓட்டலாம். அட்டையின் குடலில் ஒரு கிருமி குடியிருப்பதால் கூடவே ஆன்டிபயாடிக்கும் உண்டு.